பவர் மீட்டர் 99 சதவீதம் காட்டினாலும் பீம் கெட்டிருக்கலாம்

லேசர் டிசைனோடு வரும் புதிய பொறியாளர்களிடம் நான் முதலில் கேட்பது, மிரர் அளவை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்றுதான். “காஸியன் அப்போடைசேஷன் கொடுத்து ரே டிரேஸ் பண்ணினேன் சார், எங்கேயும் இடிக்கவில்லை” என்பார்கள். ரே டிரேஸ் என்றால் ஒளியைத் தனித்தனிக் கதிர்களாக வைத்து கம்ப்யூட்டரில் பாதை போட்டுப் பார்ப்பது; காஸியன் என்றால் நடுவில் உச்சமாக இருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் தணியும் செறிவு. சிக்கலே அங்கேதான்.

அந்தக் காஸியன் அப்போடைசேஷன் செட்டிங் செய்வது ஒன்றுதான்: நடுவில் போகும் கதிருக்கு அதிக எடை, ஓரத்துக் கதிருக்குக் குறைந்த எடை. கதிரின் பாதை துளிகூட மாறாது, இணையாக விட்டால் கடைசி வரை இணையாகவே போகும். நிஜ லேசர் விரியும்.

632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். பீம் மிகக் குறுகியிருக்கும் இடத்தில் ஆரம் 0.5 மி.மீ. என்று வைப்போம் (நடுவில் உள்ள செறிவு 13.5 சதவீதமாகக் குறையும் இடம் வரைதான் ஆரம் என்கிறேன்). ரேலி தூரம், அதாவது பீமின் குறுக்குப் பரப்பு இரண்டு மடங்காக ஆகும் தூரம், சுமார் 1.24 மீட்டர். 10 மீட்டர் தள்ளிப் போய்ப் பார்த்தால் ஆரம் 4 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும், ரே டிரேஸ் அங்கேயும் 0.5 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அங்கே அரை அங்குல மிரர், அதாவது 12.7 மி.மீ., வைத்தால் விட்டம் பீம் ஆரத்தைப் போல 3.1 மடங்கு. மிரர் நேராக இருந்தால் 99 சதவீதத்துக்கு மேல் பவர் வந்துவிடும். மீட்டரைப் பார்த்தவர் நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் மிரர் விளிம்பில் பீம் வெட்டுப்பட்ட ஓரத்தில் செறிவு 0.7 சதவீதம்தான் என்றாலும் குறுக்கீட்டில் ஒன்றோடொன்று சேர்வது செறிவு இல்லை, வீச்சு (அலையின் உயரம், செறிவின் வர்க்கமூலம்). அது அங்கே சுமார் 8.5 சதவீதம், விளிம்பிலிருந்து கிளம்பும் அலை அதே வீச்சோடு வந்து நடுப் பீமில் சேரும்போது செறிவு ±17 சதவீதம் வரை ஏறி இறங்கும். பீம் கேமராவில் வளையம் வளையமாகத் தெரியும். ஹோலோகிராஃபி செய்கிறவருக்கு அந்த வளையம் படத்திலேயே விழும், உயர் பவர் லேசரில் அந்த மேடுகள் கோட்டிங்கையே எரித்துவிடலாம்.

ஏற்ற இறக்கம் ±1 சதவீதத்துக்குள் நிற்க விட்டம் ஆரத்தைப் போல 4.6 மடங்கு வேண்டும். அப்புறம், 45 டிகிரி சாய்வை எல்லாரும் மறக்கிறார்கள். சாய்த்தால் 12.7 மி.மீ. மிரர் ஒரு திசையில் 9 மி.மீ. ஆகிவிடும், ஒரு அங்குல மிரர்கூட 4.4 மடங்கைத்தான் தரும், அதுவும் விளிம்பு வரை பயன்படும் என்று வைத்துக்கொண்டால்.

ஜீமேக்ஸ் என்ற ஆப்டிக்ஸ் டிசைன் மென்பொருளில் இன்னொன்று. ஓரத்துக் கதிரின் எடை எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லும் காஸியன் ஃபேக்டரை 1 என்று வைத்தால் பீம் நுழையும் துளையின் விளிம்பில் செறிவு 13.5 சதவீதம், அதற்கு வெளியே பீமின் பவரில் இன்னொரு 13.5 சதவீதம் கணக்கிலேயே வராமல் போகிறது.

ஆகவே மிரர் ஆர்டர் போடும் முன் ஒவ்வொரு தளத்திலும் ஆரத்தைக் காஸியன் பீம் சூத்திரத்தில் கையாலேயே போட்டுப் பாருங்கள், வெட்டுப்படும் என்று சந்தேகம் வந்தால் ஒளியைக் கதிராக இல்லாமல் அலையாக வைத்துப் போடும் பரவல் கணக்கை ஓட்டுங்கள், பொருத்தியதும் மிரருக்குப் பின்னால் கேமராவை வைத்துப் பாருங்கள். இடம் இல்லை, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கூரான விளிம்பு வேண்டாம். உயர் ஆற்றல் லேசர்களில் பல்விளிம்புத் துளையும் (விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும்) அதன் பின்னால் ஸ்பேஷியல் ஃபில்டரும் (லென்ஸின் குவியத்தில் வைக்கும் நுண்துளை) வைத்து ஓரத்தை மெதுவாகத் தணிய வைக்கிறார்கள்.