புது டிஸ்க்கின் கறுப்புப் பட்டை, பழைய டிஸ்க்கின் கறுப்புப் பட்டை

"அண்ணா, செத்த டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். மாற்றிக் கேட்டால் கடைக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை" என்று புலம்பியபடி வந்தார் ஸ்ரீராமபுரத்துத் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 4 டி.பி. ஹார்ட் டிஸ்க் துணிப்பையில் இருந்தது. மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய அதிர்வு. சுழல்கிறது. பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

அல்சூரில் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. "இரண்டாவது டிஸ்க் தெரியவில்லை" என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை நல்ல டிஸ்க்குகள்தான். பென் டிரைவ் செருகியதும் தெரிகிறதே, இது ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். பென் டிரைவைத் தொழிற்சாலையிலேயே ஃபார்மட் செய்து அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டருக்கு உள்ளே மாட்டும் டிஸ்க் பெரும்பாலும் எல்லைக்கல் நடாத மனையாகவே வருகிறது. நாம்தான் அளந்து நட வேண்டும்.

அதற்கு முன், விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையான பயாஸைப் பாருங்கள். கம்ப்யூட்டர் உயிர்பெறும்போதே டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பெரும்பாலும் அந்தத் திரை வரும். டிஸ்க்கின் பெயர் அங்கே இருந்தால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் மின் கேபிளையும் மதர்போர்டுக்குத் தரவு கொண்டுபோகும் சாட்டா கேபிளையும் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். நூலளவு விலகியிருந்தாலும் போதும், தெரியாது. இன்னொன்று, சில மதர்போர்டுகளில், கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் எம்.2 டிஸ்க் மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் தாமாகவே செயலிழந்துவிடும். இது தெரியாமல் அரை நாள் கேபிள் மாற்றிப் பார்த்தவர்களை அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்.

தம்பியின் டிஸ்க் பயாஸில் தெரிந்தது. விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி, எல்லா டிஸ்க்குகளையும் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். கீழே 'டிஸ்க் 1', பக்கத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. இனிஷியலைஸ் செய்யவா, அதாவது பயன்பாட்டுக்குத் தயார்செய்யவா, எம்.பி.ஆரா ஜி.பி.டி.யா என்று விண்டோஸ் கேட்டது. இரண்டும் எல்லைக்கல் கணக்கை எழுதிவைக்கும் முறைகள். எம்.பி.ஆர். 1983இல் டாஸ் 2.0 காலத்தில் வந்த முறை. 2 டி.பி.க்கு மேல் அதற்குக் கை எட்டாது. அதைத் தேர்ந்திருந்தால் 2048 ஜி.பி. போக மீதி 1678 ஜி.பி. வீணாகக் கிடந்திருக்கும். ஜி.பி.டி.யைத் தேர்ந்தேன். பட்டையின்மேல் வலது கிளிக் செய்து, புது வால்யூம், அதாவது சேமிக்கும் பகுதி, உருவாக்கி, டி, இ போல ஓர் எழுத்துக் கொடுத்து, விரைவு ஃபார்மட். இரண்டே நிமிடம்.

"3.63 டி.பி.தானே காட்டுகிறது?" என்றார். கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 1024ஆக எண்ணுகிறது. அளக்கும் படி வேறு, பொருள் ஒன்றே என்றேன்.

போகிற போக்கில் அதே பையிலிருந்து இன்னொரு டிஸ்க்கை எடுத்தார். பழுதான பழைய கம்ப்யூட்டரில் இருந்த 1 டி.பி. "இதையும் அப்படியே போட்டுவிடுங்கள் அண்ணா."

மாட்டினேன். அதே கறுப்புப் பட்டை, அதே கேள்வி. உள்ளே இருந்தவை மூன்று வருடக் கல்யாணங்கள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். எல்லைக்கல் கணக்கான பார்ட்டிஷன் அட்டவணை சிதைந்துபோன பழைய டிஸ்க்கையும், பெட்டி பிரித்த புது டிஸ்க்கையும் விண்டோஸ் ஒரே மாதிரிதான் கேட்கிறது. சில சமயம் பட்டை நீலமாக இருந்து, ஃபார்மட் புரியவில்லை என்ற பொருளில் 'ரா' என்று காட்டும், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம் என்று ஒரு செய்தியும் வரும். கேன்சல் செய்யுங்கள். விரைவு ஃபார்மட் ஆகிவிட்டால்கூடச் சுழலும் சாதாரண டிஸ்க்கில் கோப்புகளை மீட்க ஓரளவு வழி உண்டு. விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் நெடுகச் சுழியம் எழுதிவிடுகிறது. பிறகு மீட்பு என்ற பேச்சே இல்லை.

தம்பியின் பழைய டிஸ்க்கை முதலில் இன்னொரு டிஸ்க்கில் செக்டர் செக்டராக, அதாவது சிறு துண்டு ஒன்று விடாமல், பிரதி எடுத்தேன். ஐந்து மணி நேரம் ஓடியது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை மூலத்தில் அல்ல, பிரதியில் ஓட்டினேன். தொலைந்த பார்ட்டிஷன் கிடைத்தது. டிஸ்க் 'டக் டக்' என்று அடித்திருந்தால் பிரதி எடுக்கவும் துணிந்திருக்க மாட்டேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பேன்.

எனக்கு இந்தப் பயம் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே கம்பெனியின் 500 ஜி.பி. டிஸ்க் இரண்டு ஒரே கம்ப்யூட்டர் பெட்டியில் இருந்தன. புதியது என்று நினைத்து ஃபார்மட் செய்தது ஒரு மளிகைக் கடையின் கணக்கு. அந்தப் பெரியவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அன்றிலிருந்து, ஃபார்மட் செய்யும் முன் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையும் ஃபார்மட் செய்ய வேண்டிய டிஸ்க்கையும் தவிர மற்றவற்றின் கேபிளையெல்லாம் பிடுங்கிவிடுகிறேன். பிடுங்க வழியில்லாவிட்டால் மாடல் எண்ணைக் காகிதத்தில் எழுதி, திரையில் உள்ளதோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படிக்கிறேன்.

இதைச் சொன்னபோது தம்பி தன் கேமரா பையைத் திறந்து மெமரி கார்டு பெட்டியைக் காட்டினார். படம் நிறைந்த கார்டுகளை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தார்.