குருத்தெலும்புக்கு வலி தெரியாது

முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து "தேய்மானம்" என்று டாக்டர் சொன்னதும் பலரும் முதலில் நிறுத்துவது நடையைத்தான். இருப்பதையாவது மேலும் தேயாமல் வைத்துக்கொள்ளலாமே என்ற கணக்கு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மூட்டின் கணக்கு வேறு.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். உள்ளே ரத்தக் குழாயே கிடையாது. அப்புறம் அதற்குச் சாப்பாடு? மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கிக் கொஞ்சம் நீரை வெளியே விடுகிறது. தூக்கும்போது ஸ்பாஞ்சு போலத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இந்தப் போக்குவரத்து நின்றால் நல்ல மூட்டிலேயே குருத்தெலும்பு மெலியும். எலும்பு முறிந்து வாரக்கணக்கில் காலைச் சரியாக ஊன்றாமல் இருந்தவர்களின் ஸ்கேனில் இது தெரிந்திருக்கிறது.

குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. வலி வருவது அதற்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டின் உள்ளுறையாக இருக்கும் சவ்வு வீங்குவதிலிருந்தும்தான். அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் ஒருவர் சாதாரணமாக மாடிப்படி ஏறுகிறார். லேசான தேய்மானம் உள்ளவர் ராத்திரி தூக்கமில்லாமல் தவிக்கிறார். தேய்ந்ததை மறுபடி வளர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. வலியைக் குறைக்க வழி உண்டு.

முக்கியமான வழி தொடையின் முன்பக்கத் தசை. அது வலுவாக இருந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியிலும் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல இறக்க வேண்டும். பத்துத் தடவை, அப்புறம் அடுத்த கால். ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடலாம். மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். பெரும்பாலோர் அதற்குள் விட்டுவிடுகிறார்கள்.

எடையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் அமெரிக்காவில் உடல் பருமனும் மூட்டு வலியும் உள்ளவர்களை நடக்கவைத்து அளந்து 2005இல் வெளியிட்ட கணக்கு இது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது.

கைத்தடியைப் பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். தடியும் வலது காலும் சேர்ந்தே முன்னே போக வேண்டும். அப்போதுதான் உடம்பின் பாரம் வலிக்கிற காலிலிருந்து விலகும்.

மருந்தில் முதலில் பார்க்க வேண்டியது வலிக்குத் தோல்மேல் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல். முழங்கால் தோலுக்கு அருகில் இருப்பதால் மருந்து உள்ளே போய்ச் சேரும். ரத்தத்தில் கலப்பது குறைவு. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே இது எடுபடாது. வலி மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் வழி.

துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுரண்டிவிடும் அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் அமோகமாக நடந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு நிஜமான சிகிச்சை. சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்தும் இரு தரப்பாரின் வலியிலும் வித்தியாசம் இல்லை. முடிவு 2002இல் வெளிவந்தது. முழு மூட்டு மாற்று வேறு கதை: வேறெதற்கும் அடங்காத கடும் வலிக்கு அது நன்றாகவே பலன் தருகிறது.

மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகி, கூடவே காய்ச்சலும் வந்தால் அதைத் தேய்மானம் என்று நினைத்து வீட்டில் இருக்கக் கூடாது. கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.