ரிவர்ஸ் டிஎன்எஸ்: சொல் விளக்கம்

ஒரு இணையப் பெயரைக் கொடுத்தால் அதற்கான ஐபி எண்ணைச் சொல்வது டிஎன்எஸ். எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்பது ரிவர்ஸ் டிஎன்எஸ். பதிலைத் தரும் பதிவுக்கு பிடிஆர் என்று பெயர். பாயிண்டர் என்பதன் சுருக்கம். 1987-இல் வந்த, டிஎன்எஸ் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 1035 என்ற ஆவணத்திலேயே இது இருக்கிறது.

ரிவர்ஸ் என்பதன் வேர், ‘திருப்பு’ எனப் பொருள்படும் லத்தீன் வினை. இங்கே இரண்டு விஷயங்கள் திரும்புகின்றன: கேள்வியின் திசை, எண்ணின் வரிசை. 203.0.113.25 என்ற எண்ணைத் தேடும்போது அது 25.113.0.203.இன்-அடர்.ஆர்ப்பா ஆகிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருவார்கள். கடித உறையிலோ கதவு எண், தெரு, ஊர், மாவட்டம். ஐபி எண் பட்டா வரிசை, இணையப் பெயர் உறை வரிசை. எண்ணைப் பெயர்போலத் தேட வேண்டுமென்றால் புரட்டித்தான் ஆக வேண்டும். ஐபிவி6 என்ற நீளமான புது வகை எண்ணில் 32 இலக்கங்களும் தனித்தனியாகப் புரளும், முடிவில் ஐபி6.ஆர்ப்பா வரும்.

ஆர்ப்பா என்பது இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்குப் பணம் கொடுத்த அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையின் பெயர். 2001-இல் அதே எழுத்துகளுக்கு முகவரியையும் வழிப்படுத்தலையும் குறிக்கும் புது விரிவு கொடுத்துவிட்டார்கள்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பிடிஆர் பதிவை டொமைன், அதாவது இணையப் பெயர், வாங்கிய இடத்தில் போட முடியாது. எண் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்கள்தான் போட வேண்டும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் சொந்தமாக மெயில் சர்வர் வைத்தால், இணைப்பு தரும் நிறுவனத்திடம் நிலையான ஐபி வாங்கி, இன்ன பெயர் வையுங்கள் என்று கேட்க வேண்டும். வாடகை சர்வர் என்றால் பெரும்பாலும் கண்ட்ரோல் பேனலிலேயே வசதி இருக்கும். அப்புறம், அந்தப் பெயரின் ஏ பதிவு, அதாவது பெயருக்கு எண்ணைச் சொல்லும் பதிவு, அதே எண்ணுக்குத் திரும்பி வர வேண்டும். மெயில் அனுப்பும் சர்வருக்கு இந்த இரண்டு பதிவுகளும் சரியாக இருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. இல்லாவிட்டால் கடையின் விலைப்பட்டியல் ஸ்பேமுக்குப் போகலாம், வாசலிலேயே திருப்பப்படலாம்.

தமிழில் ‘தலைகீழ்’ என்றால் எண் புரள்வதற்குப் பொருந்தும், தேடலுக்குப் பொருந்தாது. ‘எண்வழிப் பெயர்தேடல்’ என்பதே நடப்பதைச் சரியாகச் சொல்கிறது என்பது என் கருத்து. பிடிஆருக்கு ‘சுட்டுப் பதிவு’ போதும். ‘சுட்டி’ என்றால் மவுஸ் நினைவுக்கு வந்துவிடும். நிறுவனத்துக்கு எழுதும்போது மட்டும் பிடிஆர் என்றே குறிப்பிடுங்கள். அவர்கள் திரையில் அந்தப் பெயர்தான் இருக்கும்.