டீகுளோபலைசேஷன்: உலகமய நீக்கமா, உலகமயச் சுருக்கமா?

கொரோனாவுக்குப் பிறகு பொருளாதாரச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் டீகுளோபலைசேஷன். நாடுகளுக்கிடையே சரக்கும் முதலீடும் ஆட்களும் போய்வருவது குறைந்து, ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குத் தன்னையோ பக்கத்து நாட்டையோ நம்பத் தொடங்குவதை இது குறிக்கிறது. தமிழில் உலகமய நீக்கம், எதிர் உலகமயமாக்கல், உலகமயப் பின்வாங்கல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் பிலிப்பைன்ஸ் சமூகவியலாளர் வால்டன் பெல்லோ. 2002-இல் இதையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். ஏற்றுமதியை மட்டும் நம்பாமல் உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்யுங்கள் என்பது அவர் வாதம். அதாவது, அவர் கையில் இது ஒரு கோரிக்கை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகுதான், யாரும் கேட்காமலே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு இதே சொல் பெயரானது. 2009-இல் உலகச் சரக்கு வணிகம் அளவில் 12 விழுக்காடு அளவுக்கு விழுந்தது. ஒரே ஆண்டில் மீண்டது என்றாலும், உலக உற்பத்தியில் வணிகத்தின் பங்கு பத்தாண்டுக்கு மேலாக 2008-இன் உச்சத்தைத் தாண்டவில்லை.

ஆங்கிலத்தில் கோரிக்கைக்கும் நிகழ்வுக்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படி இல்லை. 'மயம்' என்பது வடமொழியிலிருந்து வந்த விகுதி. இருள்மயம், ஆனந்தமயம் என்பதுபோல, நிறைந்தது என்று பொருள். 1991-க்குப் பிறகு தாராளமயம், தனியார்மயத்தோடு உலகமயமும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் பூகோளமயமாக்கல் என்றும் எழுதுவார்கள். இதனுடன் 'ஆதல்' சேர்த்தால் தானாக நடப்பது, 'ஆக்கல்' சேர்த்தால் ஒருவர் செய்வது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான். எதிர்ப்பக்கச் சொல்லுக்கும் இந்த வேறுபாடு வேண்டும், ஏனென்றால் நெருக்கடிகளில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன.

1929 பெருமந்தத்தைப் பாருங்கள். வாங்கும் சக்தி போனதால் வணிகம் முதலில் தானாகச் சுருங்கியது. அப்புறம் 1930 ஜூனில் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் இறக்குமதி வரியை ஏற்றியது. வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட்டுக் கேட்டும் அதிபர் ஹூவர் ஒப்பமிட்டார். மற்ற நாடுகளும் பதிலுக்கு வரி போட்டன. 1933-க்குள் உலக வணிகத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இதன் அடி தமிழர்கள் மேலும் விழுந்தது: ரப்பர் விலை சரிந்ததும், மலாயாத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

2020-இலும் இதே வரிசைதான். முதலில் சீனாவில் ஆலைகள் நின்றன. அங்கிருந்து வரும் மூலப்பொருளை நம்பித்தான் நம் மருந்து நிறுவனங்கள் மாத்திரை செய்கின்றன. மார்ச் 3 அன்று பாராசிட்டமால் உள்பட 26 மருந்துப் பொருள்களின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியது; நம்மிடம் வாங்கிவந்த நாடுகள் பதறின. மறுநாள் ஜெர்மனி முகக்கவச ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆலை நின்றது தன்வினை, தடை பிறவினை. பழியை நோயின் மேல் மட்டும் போட்டுவிட்டு, அரசுகள் எடுத்த முடிவுகளைக் கேள்வி கேட்காமல் விடுவது சரியல்ல. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் தடுப்பூசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது, அதையே எதிர்பார்த்திருந்த ஏழை நாடுகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. இங்கே மரணங்கள் குவிந்த நேரம் அது. அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது ஒரு முடிவுதான்.

சரி, எந்தச் சொல்லை எடுப்பது? 'நீக்கம்' பொருந்தாது. 2020-இல் சுமார் 5 விழுக்காடு குறைந்த சரக்கு வணிகம் 2021-இல் அதற்கும் மேலாக எழுந்துவிட்டது, எதுவும் நீங்கிவிடவில்லை. 'எதிர் உலகமயமாக்கல்' ஓர் இயக்கத்தின் பெயர்போல ஒலிக்கிறது. பெல்லோவின் கோரிக்கையைச் சொல்ல மட்டும் அது உதவும். 'பின்வாங்கல்' மோசமில்லை, ஆனால் அது வேண்டுமென்றே செய்வதை மட்டுமே காட்டுகிறது. 'உலகமயத் தளர்வு' என்றும் எழுதிப் பார்க்கலாம்தான். ஆனால் 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' அறிவிப்புகளைக் கேட்டுக் கேட்டு, தளர்வு என்றாலே நல்ல செய்தி என்று காது பழகிவிட்டது.

'உலகமயச் சுருக்கம்' என்பதே என் தேர்வு. பொருளாதாரச் சுருக்கம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், ஆகவே புதிதாக உறுத்தாது. இரண்டு வினைக்கும் இடமும் தருகிறது: பெருந்தொற்றில் உலகமயம் சுருங்கியது, இறக்குமதி வரியால் அரசுகள் அதைச் சுருக்கின. சுருங்கவும் இல்லாமல் வளரவும் இல்லாமல் 2008-க்குப் பிறகு நிலவிய தேக்கத்தை ஆங்கிலத்தில் ஸ்லோபலைசேஷன் என்கிறார்கள். அதற்கு உலகமய மந்தம் போதும்.