இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வருவது, பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். சென்ற மாதம் ஒரு கடை வாசலில், பித்தளை அண்டாக்களுக்கும் அரைகுறையாக உடைந்த தேக்குத் தூண் ஒன்றுக்கும் இடையில், கனத்த இரும்புக் கொக்கி ஒன்று கிடந்தது. என்னவென்று விசாரித்தபோது, "பர்மாவுக்குப் போன கப்பல்ல இருந்தது அண்ணே, நங்கூரச் சங்கிலி மாட்டுற கொக்கி" என்றார் கடைக்காரர். அந்தக் கொக்கி கடலையே பார்த்ததில்லை. மீட்டர் கேஜ் காலத்தில் இந்த ஊர் வழியே போய்வந்த பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைத்த கப்ளிங்கின் கொக்கி அது. அதன் வளைவின் உட்புறத்தில் இருந்த தேய்மானம் எத்தனையோ ஆயிரம் முறை இழுபட்டதன் தழும்பு என்பது, ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் முப்பத்தோராண்டு வேலை பார்த்த எனக்குக் கையால் தடவியதுமே தெரிந்துவிட்டது.

கடைக்காரரைக் குறை சொல்லி ஆவதில்லை. தண்டவாளத்தையும் எஞ்சினையும் சிக்னலையும் எல்லோரும் பார்க்கிறார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருப்பதைத்தான் எவரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்காததால் அந்த இடத்தை வெறும் சந்து என்று எண்ணிக்கொண்டு, குனிந்தும் ஏறியும் கடந்து போகிறார்கள். பணியில் இருந்த காலத்தில், இரண்டாம் பாதையில் சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்த ஒரு நிலையத்தில், தலையில் காய்கறிக் கூடையோடு இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்த ஓர் ஆச்சியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "வண்டிதான் நிக்குதுல்ல தம்பி, அப்புறம் என்ன?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

மீட்டர் கேஜ் பெட்டிகளுக்கு முகப்பின் நடுவில் முட்டலைத் தாங்கும் பஃபர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்; ஒரு பெட்டியின் கொக்கி எதிர்ப்பெட்டியின் பஃபருக்குள் இருக்கும் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், சிவகங்கை வழியாக மானாமதுரை வரை போகும் பாதை 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாறியபோது, அந்தக் கொக்கிகள் எல்லாம் பழைய இரும்பாகிப் போயின. மாற்றாக வந்தவை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் நீலப் பெட்டிகள். அவற்றில் இரு ஓரங்களிலும் பஃபர்கள் உண்டு, நடுவில் ஸ்க்ரூ கப்ளிங் உண்டு.

ஸ்க்ரூ கப்ளிங் என்பது எளிமையான, ஆனால் ஆளைக் கேட்கும் கருவி. நடுவில் ஒரு திருகுத் தண்டு. அதன் ஒரு பாதியில் வலப்புரி மரை, மறுபாதியில் இடப்புரி மரை. இரு முனையிலும் வளையங்கள். எதிர்ப்பெட்டியின் இழுகொக்கியில் வளையத்தைத் தூக்கி மாட்டிவிட்டு, நடுவில் தொங்கும் குண்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் உள்ளே இழுபட்டு, பஃபரோடு பஃபர் அழுந்தும்வரை இறுகும். இதைச் செய்ய ஒருவர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் கொடுமை. பெட்டி முழுமையாக நின்ற பிறகே உள்ளே போக வேண்டும் என்பது விதி. பெட்டிகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் எஞ்சினால் நகர்த்தும் ஷன்டிங் அவசரத்தில், மழையில், இருட்டில், அரை அடி முந்திப் போனவர்களை எனக்குத் தெரியும். என்னோடு வேலையில் சேர்ந்த ஒருவர் கடைசிவரை இடக்கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். திருமண வீடுகளில் மொய் எழுதும்போது மட்டும்தான் அந்தக் கையை நாங்கள் பார்த்தோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துயரம் என்று எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வளையத்தையும் முளையையும் கையால் கோத்துப் பெட்டிகளை இணைத்தார்கள். விரல் குறைந்த கையைப் பார்த்தே ஒருவரை ரயில்காரர் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அங்கே விபத்துகள் மலிந்திருந்தன. எலை ஜேனி என்பவர் 1873-இல் காப்புரிமை பெற்ற கருவி, இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வதைப் போன்றது. இத்தனைக்கும் அவர் ரயில்வே பொறியாளர் கிடையாது, துணிமணிக் கடையில் எழுத்தராக இருந்தவர். தொழிலுக்கு வெளியே இருப்பவருக்குத்தான் சில சமயம் தொழிலின் குறை கண்ணில் படுகிறது போலும். ஆனாலும் கருவி கிடைத்த உடனே நிறுவனங்கள் வாங்கிப் பொருத்திவிடவில்லை. தொழிலாளர் பெட்டிகளுக்கு நடுவே போகாமலேயே இணைக்கக்கூடிய கப்ளர் வேண்டும் என்று அமெரிக்க அரசு 1893-இல் சட்டம் இயற்றிக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது.

இன்று நீங்கள் ஏறும், எல்.எச்.பி. எனப்படும் புதிய வகைப் பயணிகள் பெட்டிகளிலும், சரக்கு வேகன்களிலும் இருப்பது அந்த ஜேனி கப்ளரின் வழித்தோன்றல்தான். சென்டர் பஃபர் கப்ளர் என்றும், சுருக்கமாக சி.பி.சி. என்றும் நாங்கள் சொல்வோம். மடக்கிய விரல் போன்ற பகுதிக்கு நக்கிள் என்று பெயர். நக்கிள் திறந்த நிலையில் இருக்க, எதிர்ப்பெட்டி மெதுவாக வந்து முட்டினால், அது உள்நோக்கி மடங்கும். அதே கணத்தில் கப்ளர் தலைக்குள் இருக்கும் பூட்டுக்கட்டை தன் எடையாலேயே கீழே விழுந்து நக்கிளின் வாலை மறித்துக்கொள்ளும். நம் வளவு வீட்டுக் கதவைச் சாத்தியதும் தாழ்ப்பாள் தானே விழுந்து பூட்டிக்கொள்வதாகக் கற்பனை செய்தால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். பிரிக்க வேண்டுமானால், பெட்டியின் ஓரத்தில் நின்றபடியே கம்பியைத் தூக்கிப் பூட்டைக் கிளப்பலாம்.

பூட்டு விழுந்தது என்று காதால் கேட்டு மட்டும் நாங்கள் நம்புவதில்லை. கப்ளர் தலையில் டெல் டேல் ஹோல் என்ற சிறிய துளை உண்டு. பூட்டுக்கட்டை முழுமையாக இறங்கியிருக்கிறதா என்பதை அதன் வழியே கண்ணால் பார்த்தாக வேண்டும். பிறகு எஞ்சினைக் கொண்டு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கப்ளரின் உயரமும் முக்கியம்: தண்டவாளத்தின் மேல்தளத்திலிருந்து 1,105 மில்லிமீட்டருக்கு மேலும் போகக் கூடாது, 1,030-க்குக் கீழும் இறங்கக் கூடாது. இந்த 75 மில்லிமீட்டர் இடைவெளிக்கு உள்ளே இருந்தால்தான் ஒரு நக்கிள் இன்னொன்றை நிறைவாகப் பிடித்திருக்கும். ஸ்பிரிங் தளர்ந்து ஒரு பெட்டி தாழ்ந்துவிட்டால், பிடிப்பின் பரப்புக் குறைந்து, ஒரு குலுக்கலில் ஒன்று மற்றொன்றின் மேலேறி நழுவ இடமுண்டு. பெட்டிகளின் அடியில் இறங்கிச் சோதிக்கும் பிட் லைனில், உயரம் அளக்கும் கேஜும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கப்ளராக நாங்கள் தவழ்ந்து கொண்டிருந்தது இதற்காகத்தான்.

இனி, அந்த ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

நிற்கும் சரக்கு வண்டி ஒரே துண்டான பொருள் கிடையாது. ஒவ்வொரு மூட்டிலும் நக்கிள்களுக்கிடையில் சிறிது தளர்வும், அதன் பின்னால் அதிர்ச்சியை வாங்கும் டிராஃப்ட் கியரில் சிறிது அமுங்கலும் இருக்கும். ஒரு மூட்டில் அது சில விரற்கடைதான். ஆனால் 58 பெட்டி வேகன்களைக் கோத்த ரேக் 600 மீட்டருக்கு மேல் நீளும். எல்லா மூட்டுகளின் தளர்வையும் கூட்டினால் சில மீட்டர் வரும். எஞ்சின் நகரத் தொடங்கும்போது முதல் வேகன் இழுபட்டு, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று அந்த இழுப்பு சங்கிலியாகப் பின்னோக்கி ஓடுகிறது. தடதடவென்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாற்பதாவது வேகனுக்கு அருகில் குனிந்திருப்பவருக்கு அந்தச் சத்தம் வந்து சேரும் நேரமும் வேகன் நகரும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். அது நகர்வதோ ஊர்ந்து கிளம்பும் வேகத்தில் இருக்காது; முன்னால் ஏற்கெனவே வேகம் பிடித்துவிட்ட முழு எடையும் சேர்ந்து இழுப்பதால், நின்ற இடத்திலிருந்து ஒரு வெட்டு வெட்டும். ஷன்டிங்கில் எஞ்சின் பின்னோக்கித் தள்ளினால், அதே தளர்வு மூடிக்கொள்ளும். கப்ளரின் மேல் காலை வைத்து ஏறிக் கடப்பவரின் பாதம், மூடிக்கொள்ளும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

முன்பு நீராவி எஞ்சின் கூவியது. டீசல் எஞ்சின் நின்றுகொண்டிருந்தாலும் உறுமிக்கொண்டே இருந்தது. இந்த வழித்தடம் மின்மயமான பிறகு, அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும் மின்சார எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்பதுகூட நடுவில் நிற்பவருக்குத் தெரியாது. காதை நம்பிக் கடந்து பழகிய தலைமுறைக்கு இது பெரிய மாற்றம். முதியவர்களுக்கு வீட்டில் யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும். வேகனின் ஏணியில் ஏறி மேலிருந்து படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு, தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது என்பதையும், அதைத் தொடாமல் நெருங்கினாலே போதும், அது தாக்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பாதையை இப்படிக் கடப்பது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுக்கும் உரிய குற்றம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து யாரும் மேம்பாலம் ஏறியதாக என் அனுபவத்தில் இல்லை. முழங்கால் வலிதான் அவர்களைத் தடுக்கிறது. அந்த வலி எனக்கும் இப்போது புரிகிறது.

பயணிகள் பெட்டிகளில் ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. எல்.எச்.பி. பெட்டிகளின் கப்ளர் தளர்வில்லாமல் இறுக்கமாகப் பிடிக்கும் வகை. விபத்து நேர்ந்தாலும் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறிவிடாமல் தடுப்பது அதன் பெரிய நன்மை. ஆனால் பெட்டிகளை இணைக்கும் நடைவழி, வளைவுகளில் அசைந்துகொண்டேதான் இருக்கும். காலடியில் இருக்கும் இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகரும். பொங்கல் விடுமுறை முடிந்து பல்லவனில் சென்னைக்குத் திரும்பும் கூட்டத்திலும், ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போகும் கூட்டத்திலும், குழந்தைகளோடு அந்தத் தகடுகளின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உறங்கும் குழந்தையின் விரல் தகட்டின் ஓரத்துக்குப் போக அதிக நேரம் ஆகாது. இன்னொன்றும் உண்டு: எல்.எச்.பி. பெட்டிகளுக்கிடையே விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம் கொண்டுபோகும் 750 வோல்ட் கேபிள்கள் தொங்கும். நிலையத்தில் வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில் பெட்டிகளுக்கு நடுவே இறங்கி மறுபுறம் போகிறவர்கள் அவற்றைக் குழாய் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கப்ளர் பிரிந்து ரயில் இரண்டானது என்று கைபேசியில் அவ்வப்போது காணொளிகள் வருகின்றன, பார்ப்பவர்கள் பதறுகிறார்கள். இதில் மட்டும் கொஞ்சம் தைரியம் சொல்லலாம். பெட்டிகளின் அடியில் பச்சை நிறக் குழாய் ஒன்று எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை தொடர்ந்து போவதைப் பாருங்கள். அதுதான் பிரேக் பைப், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும். காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், காற்று போனால் பிரேக் பிடிக்கும். கப்ளர் பிரிந்தால் இந்தக் குழாயும் பிரியும்; காற்று வெளியேறியதும் முன்பாதி, பின்பாதி இரண்டிலுமே பிரேக் தானாகப் பிடித்து வண்டி நிற்கும். அப்போது கதவருகே நின்று எட்டிப் பார்க்காமல் இருக்கையிலேயே இருந்தால் போதும். பெரும்பாலும் ஒடிந்து போவது நக்கிளாகத்தான் இருக்கும். சட்டகம் பிய்ந்து வருவதைவிட எளிதில் மாற்றக்கூடிய நக்கிள் முதலில் உடையட்டும் என்பதே அதன் அமைப்பில் உள்ள யோசனை.

கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் மஞ்சளாக ஒரு பெருக்கல் குறி வரைந்திருப்பதையும், எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசிப் பெட்டி) என்று ஒரு பலகை மாட்டியிருப்பதையும் பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். நிலையத்தைக் கடக்கும் வண்டி, வழியில் எதையும் பிரித்து விட்டுவிடாமல் முழுமையாக வந்திருக்கிறது என்பதை நிலைய ஊழியர் அந்தக் குறியையும் பலகையையும் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்.

கப்ளரின் பக்கவாட்டுக் கம்பியைத் தூக்கிப் பார்ப்பது, காற்றுக் குழாயை மூடித் திறக்கும் ஆங்கிள் காக்கைத் திருப்புவது போன்ற விளையாட்டுகள் பயணிகளின் உயிரோடு விளையாடுவதாகவே சட்டத்தால் கருதப்படும். பிரிவு 153-இன்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. யாராவது அப்படிச் செய்வதைக் கண்டாலும், நீங்கள் நிற்கும் வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே காற்று சீறும் சத்தம் இடைவிடாமல் கேட்டாலும், கப்ளரின் கைப்பிடி மேல்நோக்கித் தூக்கியபடி இருந்தாலும், இறங்கிப் போய்ப் பார்க்காதீர்கள், சரி செய்யவும் முயலாதீர்கள். பெட்டியின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிலைய அதிகாரியிடமோ ரயிலின் கார்டிடமோ (இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர்) உடனே சொல்லுங்கள். அவர்கள் யாரும் அருகில் இல்லாத இடமாக இருந்தால் 139 என்ற எண்ணை அழைத்து, வண்டி எண்ணையும் பெட்டி எண்ணையும் எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதையும் தெரிவியுங்கள்.