‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்று அழைத்துச் சென்றால்

சென்ற வாரம் ஒரு தந்தை என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகனைக் காலை பத்து மணிக்கு ‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்று சொல்லிக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். கைதுக் குறிப்பாணையிலோ கைதான நேரம் மறுநாள் மாலை ஆறு மணி. இடைப்பட்ட 32 மணி நேரம் காகிதத்தில் எங்குமே இல்லை. அந்தக் குறிப்பாணையின் அடியில் சாட்சியாகக் கையெழுத்திட்டிருந்தவரும் அந்தத் தந்தையேதான். “படிச்சுப் பார்த்தீங்களா ஐயா?” என்று கேட்டேன். “போடச் சொன்னாங்க, போட்டேன் சார்” என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது உறுப்பு. குடும்பத்தார் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ குறிப்பாணையில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதிலுள்ள தேதியையும் நேரத்தையும் வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். படிக்காமல் போட்ட கையெழுத்து அந்தப் பாதுகாப்பை நமக்கே எதிரான சான்றாக மாற்றிவிடுகிறது.

“தப்பு செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு? கூப்பிட்டால் சந்தேகம்தானே வரும்?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். குற்றம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது வழக்கின் முடிவில் தெரிவது. காவல் நிலைய வாசலில் எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் மட்டுமே, அந்த நிலைக்காகவே இந்த உரிமைகள் எழுதப்பட்டன. உண்மையில் குற்றமற்றவருக்குத்தான் வழக்கறிஞர் அதிகம் தேவை: மறைக்க ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை, முழு நேரமும் உடனிருக்க முடியாவிட்டாலும், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆவது பிரிவு தருகிறது. வழக்கறிஞரைக் கேட்டார் என்பதை எந்த நீதிமன்றமும் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது. கட்டணத்துக்கு வழியில்லை என்று தயங்கவும் வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

சாட்சியாக விசாரிக்க அழைத்தால் எழுத்துப்பூர்வ அழைப்பாணையைக் கேளுங்கள். பெண்களையும் அறுபது வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துச் சென்ற நிமிடமே நேரத்தையும் வந்தவர்களின் பெயரையும் குறித்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மறுநாள் எழுதும் புகாரைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள்.

நடுவர் “ஏதாவது குறை உண்டா?” என்று கேட்கும்போது தயவுசெய்து வாய் திறந்து பேசுங்கள். அழைத்துச் சென்ற நேரத்தையும் அடிபட்ட இடத்தையும் அங்கே சொன்னால்தான் அவை பதிவாகும். அந்த மகன் “ஒன்றுமில்லை” என்றே சொல்லியிருக்கிறான். காவல் நிலையக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவு. அந்த 32 மணி நேரத்தின் பதிவை அழியாமல் பாதுகாக்கக் கோரி இப்போது மனு கொடுத்திருக்கிறோம்.