பவர் ஸ்டியரிங் ஹோஸ்: வீட்டில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் பக்கம், பழைய கொரோலா காரையும் பக்கி என்கிற பிக்கப் வண்டியையும் வீட்டு வாசலிலேயே பழுது பார்ப்பது வழக்கம்தான், எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பவர் ஸ்டியரிங் எண்ணெய் ஒழுகுகிறது என்று கராஜுக்கு வருகிற வண்டியில் பெரும்பாலும் என் முதல் வேலை, ஏற்கெனவே யாரோ போட்ட ஒட்டுவேலையைக் கழற்றுவதுதான்.

பவர் ஸ்டியரிங்கில் இரண்டு ஹோஸ், அதாவது எண்ணெய் போகும் குழாய், உண்டு. முன்சக்கரங்களைத் திருப்பும் ராக்கிலிருந்து எண்ணெயைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் குறைவு, சாதாரண கிளிப்தான் பிடித்திருக்கும், பொறுமையும் ஸ்பேனரும் இருந்தால் நீங்களே மாற்றலாம். பம்பிலிருந்து போகும் பிரஷர் ஹோஸ் அப்படியல்ல. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது அதற்குள் அழுத்தம் 1000 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும், கார் டயரில் நாம் அடிப்பதோ 30 சொச்சம். அந்த ஹோஸை நடுவில் வெட்டி, ஒரு குழாய்த் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிக்கொண்டு வந்து, "அண்ணா, இன்னும் கொஞ்சம் இறுக்கினா நிக்காதா?" என்று கேட்கிறார்கள். நிற்காது. என்றைக்காவது பிடுங்கிக்கொள்ளும், ஸ்டியரிங் சட்டென்று கல்லாய்க் கனக்கும், தெறித்த எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் தீயும் பிடிக்கலாம்.

ரிட்டர்ன் பக்கம்தானே என்று மிச்சமிருந்த ஹீட்டர் ஹோஸைப் போடுவது இன்னொரு கூத்து. அது பெரும்பாலும் தண்ணீருக்கும் கூலண்டுக்கும் செய்த ரப்பர், மினரல் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து இளகிவிடும். ஹோஸ் மேலே எஸ்ஏஇ ஜே189 என்ற தர எண் அச்சடித்திருக்கிறதா பாருங்கள், ரிட்டர்னுக்கு அதுதான். பிரஷருக்கு ஜே188. பிரஷர் ஹோஸை வண்டிக்கென்றே முனையோடு வரும் முழு ஹோஸாக வாங்குங்கள், இல்லையென்றால் ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் பழையதைக் கொடுத்துப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், அதாவது உலோக முனையை மெஷினில் நசுக்கி இறுக்கித் தரச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடல்காற்றுக்கு இரும்புக் குழாயும் அந்தக் கிரிம்ப் இடமும்தான் முதலில் துருப்பிடிக்கும், அதனால் ரப்பரை மட்டும் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் கிளினிக்கில் காத்திருக்காமல் நேரே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது என்றே சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தால் போதும்.

நம் வாசல்கள் பாதி சரிவு, அதனால் சமதரையில் நிறுத்தி, தூக்கிய வண்டியைத் தாங்கும் ஆக்ஸில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கீழே போங்கள், செங்கல் வேண்டாம். எந்த எண்ணெய் என்பது மூடியிலோ கையேட்டிலோ இருக்கும், சில வண்டிக்கு ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், சிலவற்றுக்கு வேறு. மாற்றியதும் முன்சக்கரம் தூக்கியிருக்க, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை மெதுவாகத் திருப்பி எண்ணெய் விட்டுக்கொண்டே வாருங்கள். அப்புறம்தான் ஸ்டார்ட். நுரை வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது, அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

பழைய எண்ணெயைத் தெருச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மழைநீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். மூடியுள்ள கேனில் எடுத்து, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு கிளிப்பையும் எண்ணெய் அளவையும் ஒருமுறை பாருங்கள்.